நின்றுபோன பயணமும் கொட்டும் மழையும்: பிள்ளைகளுக்கு எதைக் கையளிக்கிறோம்?

வடக்கில் வளரும் பிள்ளைக்கு மழையும் ஏமாற்றமும் பெரும்பாலும் ஒரே மாதத்தில்தான் வந்து சேர்கின்றன. ஆண்டு முழுவதும் காத்திருந்த டிசம்பர் விடுமுறை மாரியின் நடுவில் விழுகிறது. கசூரினாக் கடற்கரைக்குப் போவோம், மன்னாரில் பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் நிற்போம், நெடுந்தீவுக்குப் படகில் போவோம் என்று ஒக்டோபரிலேயே பேசி வைத்த திட்டங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. காற்று அடித்தால் படகு ஓடாது. தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறிவிடும். கட்டிய பையை அவிழ்க்க மனமில்லாமல் பிள்ளை யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பிள்ளை மழையை ரசிக்கப் பழகுவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வெள்ளமும் புயலும் திரும்பத் திரும்ப அடித்த மண்ணில் இது வசதியானவர்களின் கதையாகத் தோன்றலாம். ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவர் மழையை எப்படி ரசிப்பார் என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் மழை எங்கள் பிள்ளைகளின் வாழ்வில் ஒவ்வோர் ஆண்டும் வரத்தான் போகிறது. அதோடு எங்கள் அனுபவத்தின் எந்தப் பகுதியை அவர்களுக்குக் கொடுப்பது, எந்தப் பகுதியை எங்களோடு வைத்துக்கொள்வது என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

விடுமுறையில் ஏன் மழை?

பிள்ளையின் முதல் கேள்வி இதுதான். "ஏனம்மா இண்டைக்குப் பாத்துப் பெய்யுது?" இதற்கு உண்மையான விடை இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுப்பது நல்ல தொடக்கம்.

மே மாதம் தொடங்கி செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் இலங்கையின் தென்மேற்குப் பக்கத்திலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் தன் மழையைக் கொட்டிவிடுகிறது. எங்கள் பக்கம் வரும்போது அது வறண்ட காற்று. ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைகொள்கிறது. கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நேரே எங்கள் கரையில் ஏறுகிறது. அதனால் வடக்குக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையிலேயே பெய்து முடிகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கிணற்றுத் தண்ணீர் எல்லாம் இந்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கியதுதான். வன்னியில் காலபோகம் இந்த மழையை நம்பி விதைக்கப்படுகிறது. இரணைமடு போன்ற குளங்கள் இப்போது நிறைந்தால்தான் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கலாம். என் மகளிடம் இதை ஒரு வசனத்தில் சொன்னேன்: "உன்ர பயணத்தை நிப்பாட்டின தண்ணிதான் ஆவணி மாசம் எங்கட கிணத்தில இருக்கும்." அவளுக்கு வயது எட்டு. கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எத்தனை வளையம் ஏறியிருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்தாள். கோபம் தீரவில்லை. ஆனால் கோபத்தோடு பார்ப்பதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

எங்களுக்குத் தெரிந்த மழை

பெரியவர்களான எங்களுக்குள் இருக்கும் மழை வேறு. 2008 நவம்பர் கடைசி வாரத்தில் நிஷா புயல் வந்தபோது, வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தருமபுரம், விசுவமடுப் பக்கங்களில் தறப்பாள்களின் கீழ் இருந்தன. எங்கள் குடும்பமும் அப்படியொரு தறப்பாளின் கீழ்தான் இருந்தது. பதுங்குகுழிகளுக்குள் தண்ணீர் ஏறியது. மழைக்கு வெளியே வந்தால் எறிகணை, எறிகணைக்கு உள்ளே போனால் கழுத்தளவு தண்ணீர், அதற்குள் பாம்பு. 2009 ஓகஸ்டில் மெனிக் பாமில் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்ததும், மலக்குழிகள் நிரம்பி வழிந்ததும் அங்கிருந்தவர்களுக்கு மறக்காது. கரையோர மக்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை வானம் தெளிவாகத்தான் இருந்தது. அதனால் அவர்களில் பலர் நல்ல வானத்தையும் முழுதாக நம்புவதில்லை.

திட்டம் மாறுவதும் எங்களுக்குச் சாதாரண விடயம் அல்ல. போர்க்காலத்தில் "இண்டைக்கு முடியாது, வேற இடம் போவம்" என்று ஒருவர் சொன்னால், கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு புறப்படுவது என்று அர்த்தம். அப்படிப் புறப்பட்டவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. இன்று ஒரு சுற்றுலா நின்றாலும் எங்கள் குரல் மாறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பலத்த இடி கேட்டதும் வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறோம். யாரும் எதுவும் சொல்வதில்லை. பிள்ளை அதைப் பார்க்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் தன் எழுத்துகளில் கூட்டு மனவடு பற்றி நீண்டகாலமாகச் சொல்லி வந்தார். போரின் பாதிப்பு தனிமனிதரோடு நின்றுவிடுவதில்லை. குடும்பத்தின் பழக்கங்களிலும் ஊரின் நடைமுறைகளிலும் அது தங்கிவிடுகிறது என்பது அதன் சாரம். மழை நாளில் எங்கள் வீடுகளுக்குள் நடப்பதை இதைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். யாரையும் குறைசொல்ல இது தேவையில்லை. அந்தப் பயம்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

பிள்ளை முதலில் பார்ப்பது முகத்தை

1985 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சோர்ஸ் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசையொன்றில் தவழ விட்டார்கள். மேசையின் ஒரு பாதியில் கண்ணாடிக்குக் கீழே ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் பள்ளம் தெரியும். உண்மையில் விழ வழியில்லை. ஆனால் குழந்தைக்கு அது உறுதியாகத் தெரியாது. மறுகரையில் தாய் நின்றாள். பள்ளத்தின் விளிம்புக்கு வந்த குழந்தை நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் மகிழ்ச்சியான முகத்தைக் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து போனார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. தாய்மார் வாயால் எதுவும் சொல்லவில்லை.

எது ஆபத்து என்று தானாக உறுதிசெய்ய முடியாத இடத்தில் பிள்ளை எங்கள் முகத்தைப் படிக்கிறது. தூறலுக்கும் புயலுக்கும் நாங்கள் ஒரே முகத்தைக் காட்டினால், பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். பின்னர் இரண்டில் ஒன்று நடக்கும். எல்லா மழைக்கும் பயந்து ஒடுங்கும், அல்லது வளர்ந்ததும் எங்கள் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் வெறும் பயம் என்று தள்ளிவிடும். இரண்டாவது இன்னும் மோசமானது. உண்மையான வெள்ளம் வரும் நாளில் எங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

அதற்காகப் பொய்ச் சிரிப்புச் சிரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வானிலையை அளந்து, பெயர் சொல்லி, எது எந்த அளவு என்று பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பதுதான் எங்களால் செய்யக்கூடியது. அப்படிச் செய்யும்போது எங்கள் முகமும் தானாகச் சற்றுத் தளர்வதை நான் கண்டிருக்கிறேன்.

பயணம் நின்ற காலையில்

போன மாரியில் கசூரினாப் பயணம் நின்ற நாளில் எங்கள் வீட்டில் மூன்று விடயங்கள் உதவின.

முதலாவது, மகளைக் கோபப்பட விட்டோம். "இதுக்குப் போய் அழுறதே, நாங்கள் பட்டதுக்கு இது என்ன?" என்ற வசனம் எங்கள் சனத்தின் நாவில் எப்போதும் தயாராக இருக்கும். நாங்கள் பட்டது பெரிது என்பது உண்மை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கடற்கரை நின்றுபோனதுதான் அன்றைய பெரிய இழப்பு. அதை எங்கள் இழப்போடு தராசில் வைத்தால், தன் துக்கத்தை எங்களிடம் சொல்லக்கூடாது என்பதை மட்டும்தான் அவள் கற்றுக்கொள்வாள்.

இரண்டாவது, காரணத்தைச் சுருக்கமாக, வழமையான குரலில் சொன்னோம். "பொன்னாலைப் பாலத்தில காத்துக் கூட. கடலும் கொந்தளிக்குது. பொங்கல் முடிய, மழை குறைஞ்ச பிறகு போவம்." நாளைக்குப் போவோம் என்று சொல்லவில்லை. நாளைய வானிலை எங்கள் கையில் இல்லை. காப்பாற்றக்கூடிய நாளைச் சொன்னால்தான் அடுத்த முறை திட்டம் மாறும்போது பிள்ளை எங்களை நம்பும். தை மாதக் கடைசியில் போய் வந்தோம்.

மூன்றாவது, மிச்சமிருந்த முடிவை அவளிடம் கொடுத்தோம். கட்டிய சாப்பாடு அப்படியே இருந்தது. புட்டு, முட்டைப் பொரியல், அம்மம்மா சுட்ட பயத்தம் பணியாரம். "இதை எங்க வைச்சுச் சாப்பிடுவம்?" என்று கேட்டேன். நிறைய யோசித்து, விறாந்தையில் பாய் விரித்து, கூரைத் தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் என்றாள். அதுவே அன்றைய கடற்கரை ஆனது. பிறகு மழை தூறலானதும் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். வேலியில் கார்த்திகைப்பூ கிடந்து நனைந்தது. தவளைகள் எங்கிருந்து கத்துகின்றன என்று தேடினாள். மண் வாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள், மழைத்துளி விழும்போது காற்றில் கிளம்புகிறது என்று சொன்னேன். "அப்ப மண்ணுக்குள்ள ஆக்கள் இருக்கினம்" என்றாள்.

இடியை எண்ணுதல்

பின்னேரம் இடி தொடங்கியது. மின்னல் வெளிச்சம் உடனே கண்ணுக்கு வந்துவிடும். சத்தம் ஒரு கிலோமீற்றர் வர ஏறத்தாழ 3 செக்கன் எடுக்கும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் பிரித்தால் மின்னல் எத்தனை கிலோமீற்றர் தொலைவில் என்று தெரியும். மூன்றாம் வகுப்புக்காரிக்கு வகுத்தல் கணக்கும் ஆயிற்று. 21 எண்ணினால் 7 கிலோமீற்றர். 30 க்குள் இடி கேட்டால் வெளியே நிற்கக்கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழிந்த பிறகுதான் முற்றத்தில் இறங்கலாம். வெட்டவெளியும் தனித்து நிற்கும் பனைமரத்தடியும் ஒருபோதும் ஒதுங்கும் இடங்கள் அல்ல.

அவள் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மம்மா வாசற்படியில் வந்து இருந்தார். இடி என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறவர் அவர். வன்னியில் நாங்களும் எண்ணியிருக்கிறோம். எறிகணை ஏவப்படும் சத்தம் கேட்டதும் எண்ணுவோம். விழுவதற்கு முன் பதுங்குகுழிக்குள் இறங்க எத்தனை செக்கன் இருக்கிறது என்பதற்காக. மகளுக்கு அது தெரியாது. அன்று அதைச் சொல்லவும் இல்லை. அவள் கேட்கும் வயதில் சொல்வோம். "எத்தினை வந்தது பிள்ளை?" என்று மட்டும் அம்மம்மா கேட்டார். "இருபத்திநாலு" என்றாள். "அப்ப எட்டுக் கிலோமீற்றர். தூரத்தில" என்றார் அம்மம்மா. அவர் கணக்கில் தூரத்தில் என்ற சொல்லுக்கு எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போத்தலில் ஒரு மழைமானி

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று போதும். மேற்பகுதி ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் பொருத்த வேண்டும். போத்தலின் அடி சமமாக இராது என்பதால், சிறு கற்களைப் போட்டு நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் விட்டு, அங்கே ஒரு கோடு கீற வேண்டும். அதுதான் பூச்சியம். அந்தக் கோட்டிலிருந்து மேலே அடிமட்டம் ஒன்றை ஒட்டிவிடலாம். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், விழாதபடி இரண்டு செங்கற்களுக்கு நடுவில் வைக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் அன்றாட மழைவீழ்ச்சியைக் காலை 8.30 மணி வரை கணக்கிடுகிறது. அதே நேரத்தில் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு, பூச்சியக் கோட்டுக்கு மேலுள்ள தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். மழையில்லாத நாட்களில் போத்தலைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நுளம்பு பெருகும்.

1 மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். 60 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 3,000 லீற்றர். ஆயிரம் லீற்றர்த் தாங்கி மூன்று நிறையும். இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைக்கு வானொலியில் "100 மில்லிமீற்றருக்கு மேல் பலத்த மழை" என்று கேட்கும்போது அது வெறும் எண்ணாக இராது. "அம்மா, எங்கட கூரைக்கு ஆறு தாங்கி" என்றாள் மகள். எச்சரிக்கையின் அளவு அவளுக்குப் புரிந்திருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை.

எந்த மழையில் இறங்கலாம், எதில் கூடாது

மழையை ரசிக்கப் பழகிய பிள்ளைக்கு எல்லைகளும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு எல்லைகள் இவை.

ஓடும் தண்ணீரில் இறங்குவதில்லை. 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டம் காரைதீவில், வெள்ளம் பாய்ந்த வீதியில் சென்ற உழவு இயந்திரம் இழுத்துச் செல்லப்பட்டு மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் வெள்ளம்கூடப் பெரியவரின் காலை வாரிவிடும். குளம் வான் பாய்வதைப் பார்க்க ஆசை என்றால் பெரியவரின் கையைப் பிடித்தபடி, மேட்டில் நின்று பார்க்கலாம்.

தேங்கிய வயல் தண்ணீரிலும் வாய்க்காலிலும் விளையாடுவதில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி காயங்களின் ஊடாக உடலுக்குள் போகிறது. காலில் புண் இருந்தால் முற்றமும் வேண்டாம். மழையில் நின்ற பிறகு காய்ச்சல் வந்தால், எங்கே நின்றோம் என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கட்டில்லாத கிணறும் பழைய பதுங்குகுழியும் வெள்ளத்துக்குள் தெரியாது. எங்கே இருக்கின்றன என்பதைக் கோடையிலேயே பிள்ளைக்குக் காட்டி வைக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின் மண்ணில் புதிதாகத் தெரியும் இரும்பைத் தொடுவதில்லை. முகமாலை போன்ற இடங்களில் இன்னும் கண்ணிவெடி அகற்றுகிறார்கள். வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்திருந்ததை மேலே கொண்டு வரலாம். கண்டால் அப்படியே விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் விளையாட்டு முடிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கானவர்களின் உயிரைப் பறித்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை என் மகள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். கிராம அலுவலர் வெளியேறச் சொன்னால் எந்தப் பையை யார் தூக்குவது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பையை அவளோடு சேர்ந்து ஒரு வெயில் நாளில் அடுக்கினோம். வெயில் நாளில் அடுக்கும்போது அது பயமாக இருக்கவில்லை.

ஒழுகும் வீட்டிலும்

கூரை ஒழுகும் வீட்டில் வாழும் தாய்மாருக்கு இந்தக் கட்டுரை எதைச் சொல்ல முடியும் என்று யோசித்தேன். வீட்டுத்திட்டம் பாதியில் நின்ற குடும்பங்களுக்கு முதலில் வேண்டியது கூரை. அது பிள்ளை வளர்ப்பு ஆலோசனையால் வராது. ஆனால் மழை இரவில் சட்டி வைத்த இடங்களைப் பிள்ளையோடு சேர்ந்து எண்ணிய தாய்மாரை நான் தறப்பாள் காலத்திலேயே கண்டிருக்கிறேன். எந்தச் சட்டி முதலில் நிறையும் என்று பந்தயம் வைப்பார்கள். அப்போது அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அந்த இரவுகளைப் பிள்ளைகள் நித்திரை கொண்டு கடந்தார்கள்.

இந்த மாரியிலும் உங்கள் வீட்டில் ஒரு பயணம் நிற்கலாம். வானொலியைக் கேளுங்கள், எச்சரிக்கை எதுவும் இல்லையா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு ஒரு சோடாப் போத்தலைக் கழுவி வையுங்கள். எங்கள் வீட்டுக் கொப்பியில் டிசம்பர்ப் பக்கங்கள் நிறைந்துவிட்டன. 8.30 மணிக்குப் போத்தலைப் பார்க்க இப்போது இரண்டு பேர் போகிறார்கள். மகளுக்குக் கண் கூர்மை என்பதால் அவள் வாசிக்கிறாள். அம்மம்மா எழுதுகிறார்.